எலும்புக்குள் கள்ள வாய்க்கால்!

ஆட்டு எலும்பை உடைத்தால் உள்ளே கொழகொழவென்று இருக்குமே, அதுதான் மஜ்ஜை. நம் எலும்புக்குள்ளும் அது உண்டு. ரத்த அணுக்கள் பிறப்பது அங்கேதான்.

அந்த மஜ்ஜையிலும் புற்றுநோய் வரும். அதில் ஒரு வகை "மைலோமா". இது வந்தால் எலும்பு அரித்துப் போகும். சிறுநீரகமும் கெடும்.

தண்ணீர் இல்லாமல் பயிர் உண்டா? ரத்தம் இல்லாமல் புற்றுநோயும் வளராது. அதனால் நோய் அணுக்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. ஒருவகைப் புரதத்தைக் கசிய விடுகின்றன. உடனே பக்கத்து ரத்தக் குழாய்கள் கிளைவிட்டு நோயை நோக்கி வளர்கின்றன. கள்ள வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவதுபோல!

புற்றுநோய்க் கட்டிகள் இப்படித்தான் வளர்கின்றன என்று 1971-ல் அமெரிக்க டாக்டர் ஜூடா போக்மன் சொன்னார். பலர் நம்பவில்லை.

1994-ல் இத்தாலியில், பாரி நகர டாக்டர்கள் மைலோமா நோயாளிகளின் மஜ்ஜையைச் சோதித்தார்கள். நோய் மும்முரமாக இருந்தவர்களுக்குச் சிறு ரத்தக் குழாய்கள் மண்டிக் கிடந்தன. குழாய்கள் அதிகம் உள்ளவர்கள் சீக்கிரம் இறந்ததை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை டாக்டர்கள் பிறகு கண்டார்கள்.

பழிக்கு ஆளான மாத்திரை

வாய்க்காலை அடைக்க மருந்து உண்டா? "தாலிடோமைடு" என்ற மாத்திரை நினைவுக்கு வந்தது. பொல்லாத மாத்திரை அது! 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். பல நாடுகளில் 10,000-க்கும் அதிகமான குழந்தைகள் கை, கால் குறையோடு பிறந்தன. 1961-ல் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

இந்த மாத்திரை புதுக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கிறது என்று போக்மனின் ஆய்வுக்கூடம் 1994-ல் கண்டறிந்தது. மைலோமா நோயாளி ஒருவரின் மனைவி போக்மனுக்கே டெலிபோன் செய்து வழி கேட்டார். தாலிடோமைடைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை பிறந்தது. அந்தக் கணவரை மருந்து காப்பாற்றவில்லை. ஆனால் மற்ற சிகிச்சைகள் பலிக்காத 84 பேருக்கு ஆர்க்கன்சா மாநிலத்தில் அதைக் கொடுத்தபோது, சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது. 1999-ல் இந்தச் செய்தி வெளியானது. 2006-ல் அமெரிக்க அரசு மைலோமாவுக்கு அனுமதி தந்தது.

மாத்திரை வேலை செய்வது குழாயைத் தடுப்பதால் மட்டும் அல்ல, நோய் அணுவையே அது தாக்குகிறது என்று பிறகு தெரிந்தது. நோயின் போக்கை அறியவும் டாக்டர்கள் இன்று குழாய்களை எண்ணுவதில்லை. ரத்தச் சோதனையையும் அணுவின் மரபுச் சோதனையையும் பார்க்கிறார்கள்.

கர்ப்பிணிகள் இந்த மாத்திரையில் ஒன்றுகூடச் சாப்பிடக்கூடாது. அந்தத் தடை இன்றும் அப்படியே இருக்கிறது.