தெளிந்த நீரும் தூய நீரும்

நேயர்களே, மாரிகாலத்தில் பேலியகொடையில் களனி கங்கையைக் காண்போர் அதனைக் கையால் அள்ளிப் பருகத் துணியார். அவ்வளவு செம்மண் கலங்கி ஓடும். ஆயினும், சற்று மேலே அம்பத்தலையில் இதே ஆற்றின் நீரை எடுத்து, படிகாரம் சேர்த்து மண்ணைப் படியச் செய்து, மணலில் வடித்து, குளோரீன் கலந்து, கொழும்பு மக்கள் பருகுதற்கு அனுப்புகின்றனர். கலங்கிய நீர் அங்கே தூய நீராகின்றது.

இதற்கு நேர்மாறான நிலையை வடமத்திய மாகாணத்திற் காணலாம். அங்குள்ள சிற்றூர்களில் பல கிணறுகளின் நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். ஆனால், அந்த நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு தடித்துவிடும். பாறைகளிலிருந்து கரைந்த சுண்ணமும் மக்னீசியமும் நீரைக் கடின நீராக்குகின்றன. அவற்றோடு புளோரைட்டும் கலந்து வருகின்றது. ஒரு லீற்றர் நீரில் புளோரைட்டு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிகுந்தால், வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை நிலைத்துவிடும்.

1990களில் மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில் இதனினும் கொடிய துன்பம் ஒன்று வெளிப்பட்டது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத உழவர்களும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆளாயினர். கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், போதிய நீர் அருந்தாமல் வெயிலில் உழைத்தல் எனப் பலவற்றை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். இதுவே காரணம் என எதுவும் இன்னும் உறுதியாகவில்லை. நோய் முற்றும்வரை உடலில் அறிகுறி பெரிதும் தோன்றுவதில்லை. உழைக்கும் தலைவன் படுத்துவிட்டால், வயலும் தரிசாகும். பிள்ளைகளின் கல்வியும் தடைப்படும்.

கொதிக்கவைத்தால் போதாதா என்று சிலர் வினவலாம். கொதித்த நீரிற் கிருமிகள் மடியும். புளோரைட்டோ மடிவதுமில்லை, ஆவியாகிப் போவதுமில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆதலால் அவ்வூர்களில் வேறு வழிகள் வேண்டியிருந்தன. நீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்திச் செலுத்தி, கரைந்த உப்புகளைப் பிரிக்கும் நிலையங்கள் பல ஊர்களில் அமைந்தன. அவற்றுட் பலவற்றை ஊர்ச் சங்கங்களே நடத்துகின்றன. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியிற் சேமிப்பது மற்றொரு வழி. மழைநீரிற் கடினத்தன்மை இல்லை. முதல் மழையின் அழுக்கு நீரைப் புறத்தே விட்டு, தொட்டியை நன்கு மூடிவைத்தல் வேண்டும்.

தூய நீர் அண்மையிற் கிடைக்கும்போது நோயச்சம் குறைவதோடு, காலமும் மிஞ்சுகின்றது. வீட்டு வளவில் நீர் வசதியற்ற குடும்பங்கள் பத்தில் ஏழில், நீர் சுமக்கும் பொறுப்பு பெண்கள் மீதே விழுகின்றது என 2023ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. குடத்தோடு கழியும் காலைப்பொழுது மீண்டால், தாய்க்குச் சிறுதொழில் செய்ய நேரமுண்டு. மகள் மணியடிக்குமுன் பள்ளியிற் சேர்வாள்.

ஆனால், நிலையத்தைத் திறந்துவைப்பதோடு கடமை முடிந்துவிடாது. சவ்வுகளை உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும். நீரை அடிக்கடி சோதித்தல் வேண்டும். பிரிந்த உப்புநீரைக் கிணற்றருகே விடுதல் கூடாது. மக்கள் லீற்றருக்குக் கொடுக்கும் சிறுதொகைக்குச் சங்கம் ஒழுங்காகக் கணக்கு வைத்தல் வேண்டும். இவை தவறிய இடத்தில் இயந்திரம் துருப்பிடிக்க, மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்புவர்.

ஆகவே, நேயர்களே, கண்ணுக்குத் தெளிவாய் இருப்பது கொண்டு கிணற்று நீரை நம்பிவிடாதீர்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, அதனைச் சோதிப்பதற்கு வழி கேளுங்கள். ஒரு போத்தல் நீரைச் சோதிக்கும் சிறு முயற்சி, ஒரு குடும்பத்தின் பல்லாண்டுத் துயரைத் தவிர்க்கக் கூடும்.