எட்டு ஊர், ஒரே சீட்டு

என் தகப்பனார் பள்ளி ஆசிரியர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற 1982-ஆம் ஆண்டில், அம்மாவையும் அழைத்துக்கொண்டு காசி யாத்திரை போய்வர வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டபோது, அதற்கென்று அவர் முதன்முதலில் வாங்கிய பொருள் ரயில்வே காலஅட்டவணைப் புத்தகம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூடத்து விளக்கின் கீழ் அதை விரித்து வைத்துக்கொண்டு, பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர்களையும் கிலோமீட்டர்க் கணக்கையும் பென்சிலால் எழுதுவதும் அழிப்பதுமாக அவர் ஒரு மாத காலம் கழித்தார். ஆக்ரா, டெல்லி, அலகாபாத், காசி, கயை, கல்கத்தா, புவனேசுவரம், வால்டேர் என்று எட்டு ஊர்கள் அந்தத் தாளில் நிலைபெற்ற அன்று, அம்மா கவலையோடு, "ஏங்க, இத்தனை ஊருக்கும் போய்வரப் பணத்துக்கு எங்கே போறது?" என்று கேட்டாள். "தனித்தனியாப் போனாத்தான் பணம் நிறைய வேணும். ஒரே சுத்தா சுத்திக்கிட்டு வந்தா அவ்வளவு ஆகாது" என்றார் அப்பா.

அவர் சொன்னதில் அடங்கியிருந்த உண்மையை, இன்று விடுமுறைப் பிரயாணத்துக்குத் திட்டமிடும் குடும்பங்களில் பெரும்பாலோர் அறியாமலே இருக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தரும் விஷயம். நம்முடைய ரயில் கட்டணம் தூரத்தோடு சரிசமமாக ஏறுவதில்லை. போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உரிய விலை குறைந்துகொண்டே வருகிறது. சென்னையிலிருந்து நாக்பூர் ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர்; புது டெல்லி 2,180 கிலோமீட்டர், அதாவது சரியாக அதைப் போல் இரண்டு பங்கு. ஆனால் படுக்கை வசதிப் பெட்டியில் டெல்லிக்கு ஆகும் கட்டணம் நாக்பூருக்கு ஆவதைப் போல் இரட்டிப்பாவதில்லை; ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் நின்றுவிடுகிறது. நாக்பூரில் ஒரு சீட்டை முடித்துக்கொண்டு அங்கிருந்து வேறொரு சீட்டு வாங்குகிறவர், தூரம் தந்த சலுகையை வழியிலேயே உதறிவிட்டு, மறுபடியும் ஆரம்ப விலையிலிருந்து ஏணியில் ஏறத் தொடங்குகிறார். குறுகிய தூரங்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு: படுக்கை வசதிக்குக் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கான கட்டணம் கொடுத்தே ஆக வேண்டுமாதலால், 130 சொச்சம் கிலோமீட்டரே உள்ள அலகாபாத்–காசி போன்ற பிரயாணத்துக்குப் போகாத தூரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரிடுகிறது.

இந்த நஷ்டங்களையெல்லாம் ஒருங்கே தவிர்ப்பதற்காக ரயில்வே நெடுங்காலமாக வைத்திருக்கும் ஏற்பாடுதான் சர்க்குலர் ஜர்னி டிக்கெட் எனப்படும் சுற்றுப் பிரயாணச் சீட்டு. புறப்பட்ட ஊருக்கே திரும்பி வந்து சேர வேண்டும், போன பாதையிலேயே முழுக்கத் திரும்பக் கூடாது, இடையில் எட்டு ஊர்கள் வரை இறங்கித் தங்கலாம் என்பவை அதன் முக்கியமான நிபந்தனைகள். கட்டணம் போடும் முறைதான் இதன் உயிர்நாடி: முழுச் சுற்றின் தூரத்தையும் கூட்டி, அதைச் சரிபாதியாக்கி, அந்தப் பாதித் தூரத்துக்கு இரண்டு ஒற்றைப் பிரயாணச் சீட்டுகள் வாங்கினால் என்ன ஆகுமோ அதை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். என் தகப்பனார் வகுத்த சுற்று ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். அதன்படி அவர் கொடுக்க வேண்டியது 2,650 கிலோமீட்டர்ப் பிரயாணம் இரண்டுக்கு உரிய தொகை. ஒன்பது துண்டுகளாக ஒன்பது முறை ஆரம்ப விலையைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சீட்டு செல்லுபடியாகும் காலமும் தாராளமானது. பிரயாண நாட்களாக 400 கிலோமீட்டருக்கு ஒரு நாள், தங்கும் நாட்களாக 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டால், இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ நாற்பது நாட்கள் கிடைக்கும்.

இதை வாங்குவதற்குக் கைபேசியைத் தடவினால் போதாது. ஆளே நேரில் போக வேண்டும். இறங்கும் ஊர்களையும் போகும் பாதையையும் தெளிவாக எழுதிய விண்ணப்பத்தைப் பெரிய நிலையத்தின் மேலாளரிடமோ கோட்ட வணிக அலுவலகத்திலோ கொடுத்து, அவர்கள் தூரத்தைச் சரிபார்த்துக் கட்டணத்தை நிர்ணயித்த பிறகு சீட்டை வாங்கி, அதைக் கொண்டுபோய் முன்பதிவுக் கவுன்டரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பதிவுக் கட்டணமும் அதிவேக ரயிலுக்கான கூடுதல் கட்டணமும் கட்டத்துக்குக் கட்டம் தனி. கிளைப் பாதையில் உள்ள ஊர்களைச் சுற்றுக்குள் நுழைத்தால் போன தடத்திலேயே திரும்ப நேரும் என்பதையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். பூரி ஜகந்நாதரைத் தரிசிக்க ஆசைப்பட்ட என் பெற்றோர், குர்தா ரோடிலிருந்து பிரியும் அந்தக் கிளைப் பாதையை விட்டுவிட்டு, புவனேசுவரத்தில் இறங்கி, அங்கிருந்து அறுபது கிலோமீட்டரைப் பஸ்ஸில் போய்வந்தார்கள்.

இவ்வளவு பெரிய சுற்றுக்கு அவகாசம் இல்லாதவர்களுக்கும் ஒரு சிறிய அனுகூலம் உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாதாரணச் சீட்டிலேயே வழியில் இறங்கித் தங்க விதி இடம் கொடுக்கிறது. 1,000 கிலோமீட்டர் வரை ஒரு தடவை, அதற்கு மேல் இரண்டு தடவை. வந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள். முதல் இறக்கம் 500 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகே இருக்க வேண்டுமாதலால், டெல்லிக்குப் போகும் சென்னைவாசி 431 கிலோமீட்டரில் உள்ள விஜயவாடாவில் இறங்கிக் கனகதுர்க்கையைத் தரிசிக்க முடியாது. நாக்பூரிலும் போபாலிலும் தாராளமாக இறங்கலாம். ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ஆகியவற்றுக்கு, நூற்றுக்குப் பத்து இடங்கள் நிரம்பும்தோறும் அடிப்படைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் ஒரு வரம்பு வரை ஏறிக்கொண்டே போகும் ஏற்பாடு 2016-ஆம் ஆண்டு முதல் இருந்து வருவதால், கடைசி நேரத்தில் சீட்டு வாங்குகிறவர் முன்னால் வாங்கியவரைவிட வெகுவாக அதிகம் கொடுத்து அதே இருக்கையில் உட்கார வேண்டியிருக்கிறது.

உண்மையில், பிரயாணத்தில் நம் பணத்தைத் தின்பவை தூரத்தையும் வசதியையும் காட்டிலும், அவசரமும், எல்லாரும் போகும் நாளில் நாமும் போக வேண்டியிருக்கும் நிர்ப்பந்தமும்தான் என்பது என் அபிப்பிராயம். முன்பதிவுக் காலம் 120 நாட்களாக இருந்தது; 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாட்களாகக் குறைத்துவிட்டார்கள். ஜனவரி 13-ஆம் தேதி ஊருக்குப் போக வேண்டுமானால் நவம்பர் 14-ஆம் தேதி காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். எட்டரைக்கு வந்து பார்க்கிறவருக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் மிச்சம். பிறகு தட்கல். படுக்கை வசதியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் அடிப்படைக் கட்டணத்தில் நூற்றுக்கு முப்பது வீதம், குறித்த வரம்புக்கு உட்பட்டு, அதற்கென்று கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இடம் உறுதியாகிவிட்ட தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பி வராது. அதுவும் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸுக்கு ஓடுகிற குடும்பஸ்தர், பண்டிகைக்கு முந்திய இரவில் நாலு பேருக்குக் கொடுக்கும் தொகையை எண்ணிப் பார்த்தால், அதில் பாதியைக் கொண்டு வேறொரு மாதத்தில் மைசூருக்கே போய்வந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதத்தை மாற்றுவது சுலபமன்று என்பதை நான் அறிவேன். ஆனாலும் மே மாதத்து உதகமண்டலத்தைத்தான் பார்த்தாக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. காலாண்டு விடுமுறையை ஒட்டி நீலகிரியில் இரண்டாவது சீசன் என்றே ஒன்று உண்டு. மழை கழுவிவிட்ட மலையும், வாடகை தணிந்த அறைகளும், இடம் கிடைக்கக்கூடிய மலை ரயிலும் அப்போது நம்மை எதிர்கொள்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறும் அந்த ரயிலில் குன்னூர் வரை பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுவதை ஜன்னலோரத்தில் குனிந்து கேட்டபடி போகும் குழந்தைக்கு, வாடகைக் காரின் பின் ஆசனத்தில் வளைவுக்கு வளைவு குமட்டலோடு போகும் குழந்தையைவிட அதிகமாகவே மலை கிடைக்கிறது, செலவும் குறைவு.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது, ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை சீட்டே வேண்டாம் என்பதையும், ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம். மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போடும் முதியவர்களை நான் இன்றும் கவுன்டர்களில் காண்கிறேன். வீட்டில் ஒருவருக்குப் போக முடியாமற்போனால் அவர் சீட்டை வீணாக்க வேண்டியதில்லை. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகிய நெருங்கிய உறவினர் ஒருவர் பெயருக்கு, வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

தங்கும் செலவைப் பொறுத்தவரை, இரவில் பிரயாணம் செய்து பகலில் ஊர் பார்க்கிறவருக்கு அறை வாடகையே பாதியாகிவிடுகிறது. விடிகாலையில் இறங்கி, பூட்டுப் போட்ட பெட்டிகளை நிலையத்து க்ளோக் ரூமில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு (பூட்டில்லாத மூட்டையை வாங்கமாட்டார்கள்), கைப்பையோடு புறப்பட்டுவிடலாம். குளித்து இளைப்பாற வேண்டுமென்றால், உறுதியான சீட்டோ ஆர்.ஏ.சி. சீட்டோ உள்ளவர்களுக்கு நிலையத்து ஓய்வறைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வழியிருக்கிறது. காசியில் நகரத்தார் சத்திரத்தின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் யாத்ரீகர் இல்லை. என் பெற்றோர் கங்கைக்கரைக்கு நடந்து போகும் தூரத்தில், சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டபடி, சொற்பத் தொகைக்குத் தங்க முடிந்தது அப்படிப்பட்ட தர்ம சிந்தனை உள்ளவர்கள் கட்டி வைத்துப் போன ஓரிடத்தில்தான்.

கிழமை பார்ப்பதும் சிக்கனத்தைச் சேர்ந்ததே. தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும். டெல்லி தேசிய அருங்காட்சியகமும் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தின் காட்சிக்கூடங்களும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். இதை அறியாமல் வெள்ளியன்று ஆக்ராவில் இறங்குகிற குடும்பம் ஒரு நாள் அறை வாடகையையும் நாலு பேர் சாப்பாட்டையும் அங்கே வீணே கொட்ட வேண்டியிருக்கும். தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது.

சாப்பாட்டைப் பற்றி என் தாயார் கைக்கொண்ட முறைக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. முதல் நாள் இரவுக்கு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இருபுறமும் தடவி, வாட்டிய வாழையிலையில் இரண்டிரண்டாகப் பொட்டலம் கட்டிய இட்லி. மறுநாள் பகலுக்குத் தயிர் சாதம். அதில் தயிரைக் கொட்டிப் பிசையமாட்டாள். குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடிவிடுவாள். நாக்பூர் தாண்டி டிபன் காரியரைத் திறக்கும்போது அது அப்போதுதான் பக்குவமாய்த் தோய்ந்திருக்கும். அதற்கும் மறுநாளுக்குப் புளியோதரை. எண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் தனியாக ஒரு கண்ணாடிப் புட்டியில் வந்ததால், வழியில் எங்கே வெறும் சோறு கிடைத்தாலும் அது விருந்தாயிற்று. இன்று பல நிலையங்களில், முன்பதிவில்லாப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு நேராக, 20 ரூபாய்க்குப் பூரியும் உருளைக்கிழங்கும் தருகிறார்கள். பசித்த நேரத்தில் அதுவும் நல்ல ஆகாரமே.

இருபத்தெட்டு நாட்கள் கழித்து அவர்கள் சென்ட்ரலில் வந்து இறங்கியபோது நான் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். அம்மா இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தது ஈயம் பற்றவைத்து மூடிய கங்கைச் சொம்பை. ராமேசுவரத்தில் அபிஷேகம் ஆகும் வரை அது தரையில் படக் கூடாதாம். அப்பா வாசலை நோக்கி நடக்கவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன அந்தச் சீட்டை எடுத்து விரித்தார். பாதை முழுவதும் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. ஓரங்களில் ஊருக்கு ஊர் இட்ட முத்திரைகள், சில தெளிவாக, சில மை பரவி. "வாசல்ல குடுத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே, டைரியை முழங்காலில் வைத்து, எட்டு ஊர்களின் பெயர்களையும் இறங்கிய தேதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டார். வால்டேருக்குக் கீழே கோடு இழுத்து முடிக்கும்வரை நாங்கள் மூவரும் அங்கேயே இருந்தோம். பிறகுதான் எழுந்து போய்ச் சீட்டைக் கொடுத்தார்.