வடகடலா, தென்கடலா?

மருமகன் போனைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். இஞ்சி போட்ட பிளேன்ரீக்கும் வடைத் தட்டுக்கும் நடுவில் இலங்கை வரைபடம் கிடந்தது. எந்த ஊரில் இரவு வெளிச்சம் எவ்வளவு என்று நிறம் பூசிக் காட்டும் வரைபடம். கொழும்புப் பக்கம் பார்க்கவே கண் கூசியது. எங்கள் பக்கம் மன்னார் பட்டினத்தில் ஒரு பொட்டு, மற்றபடி கறுப்பு.

"எல்லா இடமும் இருட்டாத்தான் காட்டுது மாமா. அப்ப எங்க போறது?"

மடுத் திருவிழாவுக்கென்று தாயோடு ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிறான். ஓகஸ்ட் 15 திருவிழா முடிந்தும் பத்து நாள் நிற்பான். தோளில் புதுப் பைனாகுலர் தொங்குகிறது. அவன் ஊரில் வெள்ளி பார்ப்பதென்றால் முதல் வேலை இருட்டைத் தேடுவதுதான். 1999இல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்த டொறன்ஸ் பரன்ஸ் என்ற பாறைவெளிக்கு வடக்கே இரண்டு மணி நேரம் கார் ஓடிப் போவானாம். இங்கே இந்தக் கடை வாசலிலிருந்து ஓட்டோவில் கால் மணி நேரம் போனால் அந்த இருட்டு கிடைத்துவிடும். ஆகவே மன்னாரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வடகடலா, தென்கடலா?

சிந்திய தேத்தண்ணியில் விரலைத் தொட்டு மேசையில் தீவைக் கீறினேன். ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளம். தென்கிழக்கு மூலையில் பட்டினமும் பெருநிலத்துக்குப் போகும் பாலமும். வடமேற்கு நுனியில் தலைமன்னார். மேலே பாக்கு நீரிணைப் பக்கம் வடகடல், கீழே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஆக அகலமான இடத்தில்கூடச் சில கிலோமீற்றர்தான். ஒரே இரவில் இரண்டு கரையிலும் நின்று பார்க்கக்கூடிய ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும் சொல்லு என்றேன். அவன் வடையைக் கடித்தபடி, "அப்ப ஏன் ஒண்டைத் தெரியோணும்?" என்று கேட்டான்.

காற்றுக்காகத்தான். இந்த விஷயத்தைக் கடற்றொழிலாளர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். மாரியில் வாடை வந்தால் நிலைமை தலைகீழ். அதற்கேற்ப வள்ளத்தையும் வலையையும் தூக்கிக்கொண்டு கரை மாறி வாடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளி பார்க்கப் போகிறவனும் அவர்கள் வாடி இருக்கும் கரைக்கே போக வேண்டும்.

மணல் கண்ணில் விழுவது மட்டும் பிரச்சினையில்லை. அலை உடையும் கரையில் காற்று உப்புத் துமியை அள்ளி மேலே வீசும். பைனாகுலர் கண்ணாடியில் அது அரை மணி நேரத்தில் படிந்துவிடும். உடனே சட்டை நுனியால் துடைத்தால் உப்பு அரைத்துக் கீறல் விழும். வீட்டுக்கு வந்து சுத்தமான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதைவிட, அந்தத் துமி கடல்மட்டத்தை ஒட்டி மங்கல் திரையாக நின்றுவிடும். தாழ இருக்கும் வெள்ளிகள் அதற்குள் கரைந்து போகும்.

"தாழ இருக்கிற வெள்ளியை ஏன் பாக்கோணும்? மேல இருக்கிறதைப் பாத்தால் போதாதோ?"

நல்ல இடத்தில் வந்து நின்றான். கையை நீட்டி முட்டியைப் பொத்து என்றேன். நீட்டிய கையின் முட்டி அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. மன்னார் இருப்பது வடக்கு அகலாங்கு 9 பாகையில். துருவ நட்சத்திரம் ஒரு ஊரில் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அந்த ஊரின் அகலாங்கு. ரொறன்ரோவில் நாலரை முட்டி உயரத்தில் நிற்கும் துருவம் இங்கே கடலுக்கு மேலே ஒரு முட்டிகூட வராது. வடக்கில் துருவம் இறங்கிய அளவுக்குத் தெற்கில் வானம் ஏறிக் கொடுக்கும். நீ பிறந்ததிலிருந்து உன் வீட்டுக் கூரைக்குப் பின்னால் பூமி மறைத்து வைத்த துண்டு வானம் இங்கே தெற்கில் கிடக்கிறது.

தென்சிலுவை அதில் ஒன்று. எங்கள் தெற்குக் கடலுக்கு மேல் அது உச்சத்தில் இரண்டு முட்டி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். ஏப்ரல் நடுவில் இரவு பதினொரு மணிக்கு, மே நடுவில் ஒன்பது மணிக்கு. ஓகஸ்டில் இருட்டும் நேரத்துக்கு அது கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும், பார்க்கக் கிடைக்காது. அவன் முகம் சுருங்கியது. பொறு, தேத்தண்ணியைக் குடி என்றேன்.

அது போனாலும் மற்றது இருக்கிறது. ஓகஸ்ட் நடுவில் இரவு எட்டு மணிக்குப் பால்வீதியின் நடுப்பகுதி நேர் தெற்கில் ஐந்து முட்டி உயரத்தில் நிற்கும். பக்கத்தில் தேள் தன் கொடுக்கை முழுசாக வளைத்துக்கொண்டு கிடக்கும். தனுசின் வெள்ளிகளை இங்கிலீசுக்காரர் தேநீர்க் கேத்தில் என்பார்கள். மூக்கிலிருந்து ஆவி கிளம்புவது மாதிரித்தான் பால்வீதி தெரியும். ரொறன்ரோவில் இதே இடம் ஒன்றே முக்கால் முட்டி உயரம்தான் வரும். அந்த உயரத்தில் பார்க்கிறபோது நேர் மேலே பார்ப்பதைவிட மூன்றரை மடங்கு காற்றுக்கூடாகப் பார்க்கிறாய். இங்கே ஒன்றேகால் மடங்கு. அதே கண், அதே பைனாகுலர், நடுவில் இருக்கும் காற்றுத்தான் வேறு. அவ்வளவு உயரத்தில் நிற்பதைப் பார்க்கத் தென்கடல் தேவையில்லை. வடகடற் கரையிலேயே, சோளகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனங்கூடல் மறைவில் பாயை விரித்து, தலையை மட்டும் தெற்கே திருப்பினால் சரி.

இந்த இடத்தில் அமாவாசையைச் சொல்லியாக வேண்டும். மாதா மாதம் எங்கள் நாட்டில் பௌர்ணமிக்கு விடுமுறை. போயா லீவு என்று கொழும்பிலிருந்து வேன் பிடித்து வருகிற பிள்ளைகள், மன்னாரில் வெள்ளி கொட்டிக் கிடக்கும் என்றார்களே, எங்கே என்று கேட்பார்கள். நிலவு தரையை வெளுத்து வைத்திருக்கும். அரசாங்கம் லீவு தருகிற நாள்தான் மாதத்தில் வெள்ளி பார்க்க ஆகக் கூடாத நாள்! போயா கழிந்து நாலைந்து நாள் போனால் நிலவு எழ இரவு ஒன்பதரை, பத்தாகும், முன்னிரவு நமக்கு. அமாவாசையை ஒட்டி என்றால் முழு இரவும் நமக்கு. நாளை மறுநாள் அமாவாசை. பையனுக்கு யோகம்.

கண்ணுக்கும் நேரம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் பொழுது பட்டு ஒன்றேகால் மணி நேரத்தில் வானம் முழுக்கக் கறுத்துவிடும். கண் கறுப்புக்குப் பழக அதற்கு மேல் இருபது முப்பது நிமிடம். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்று இருக்கும் கலங்களில் ஒரு நிறப்பொருள் மெல்ல மெல்லச் சேர்கிறது. வாகன வெளிச்சம் ஒன்று முகத்தில் அடித்தால் அது வெளிறிப் போகும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். தலைமன்னார் வீதியோரம் வண்டியை நிறுத்திப் பார்ப்பது இதனால்தான் வீண்வேலை. ரோச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டு. போனைப் பையில் வை. (இதைச் சொன்னபோது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.)

"சரி மாமா, இடத்தைச் சொல்லுங்கோ."

வடகடலில் பேசாலைக்குப் போ. ஊருக்குள் இல்லை; வள்ளங்கள் ஒதுங்கும் இடத்தில் வெளிச்சம் இருக்கும், மீன் ஏற்றும் வண்டிகளும் வரும். ஊர் முடிந்து பனையும் மணலுமாகத் தொடங்கும் இடம். அந்தக் கரை வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. ஓகஸ்ட் 12, 13இல் பேர்சியூஸ் எரிவெள்ளிகள் உச்சம், அப்போது நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்திருப்பாய். ஆனாலும் மிச்சம் சொச்சம் இருபதாம் திகதிக்குப் பிறகும் விழும். அவை கிளம்பும் திசை இரவு பத்தரைக்கு மேல் வடகிழக்கில் எழும். விடியப்புறம்தான் கூட.

தென்கடலில் தாழ்வுபாடு. அங்கிருந்து மேற்கே போகப் போக 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனிக் காற்றாலைகள் வரும், தெற்குக் கரையோரம் 30 கோபுரங்கள். அவற்றின் சிவப்பு விளக்குகளைப் பற்றிப் பலர் குறை சொல்வார்கள். கடலைப் பார்த்து நின்றால் அவை உன் முதுகுக்குப் பின்னால். தீவில் இன்னும் கோபுரம் வேண்டுமா, வேண்டாமா என்பது பெரிய சண்டை, அதை இந்தத் தேத்தண்ணியோடு முடிக்க முடியாது. முன்னால் இருப்பது வெறும் கடல், அது போதும்.

தலைமன்னார் நுனி எல்லோருக்கும் ஆசை. பியரில் பழைய வெளிச்சவீடு, அப்பால் மணல் திட்டுகள், அதற்கும் அப்பால் 30 கிலோமீற்றர் தள்ளித் தனுஷ்கோடி. பகலில் போய்ப் பார். இரவில் அங்கே கடற்படை ரோந்து வரும். இந்தியாவுக்கும் இங்கேக்கும் நடுவில் கள்ளக் கடத்தல் நடக்கும் கரை இது. இருட்டில் கறுப்புக் குழாயைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்து நிற்கும் வெளியூர்க்காரன் என்ன விளக்கம் சொல்லுவான்? எந்தக் கரைக்குப் போனாலும் பக்கத்து ஊரில் ஒரு ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போ. அடையாள அட்டை வை. பச்சை லேசர் வேண்டவே வேண்டாம்.

நான் உன் வயதில் இருந்தபோது இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை. இரவில் கடற்கரையில் கால் வைக்க முடியாது, தொழிலுக்குப் போகிறவர்களுக்கே பாஸ். கரண்ட் இல்லாத அந்த யுத்த வருடங்களில் வானம் எப்படிக் கறுத்திருந்திருக்கும்! அண்ணாந்து பார்த்தது விமானச் சத்தத்துக்குத்தான். 2009க்குப் பிறகு ஒருநாள் பேசாலைக் கரையில் ஒன்பது மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டித்தான் துருவத்தைக் கடலுக்கு மேலே கண்டேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பிளேன்ரீ சொன்னேன்.

பெருநிலத்தில் அரிப்புக்கும் போகலாம். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகையின் இடிபாடு கடலோர மேட்டில் நிற்கிறது. அந்தக் கரை நேர் மேற்கு. பொழுது பட்ட கையோடு தெரியும் பிறை, வெள்ளிக் கிரகம் இரண்டுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. மேற்கு வானத்தில் எந்த மூலையில் முகில் தங்கும் என்று அறிய வேண்டுமானால் எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ நோன்புப் பிறை பார்க்கும் பெரியவர்களைக் கேள். நூல் மாதிரிப் பிறையை வெறுங்கண்ணால் பிடிக்கிறவர்களுக்கு என் பைனாகுலர் பாடம் தேவையில்லை. கட்டுக்கரைக்குளத்து அணைக்கட்டு உப்பு இல்லாத இடம், ஆனால் பாம்பு உண்டு. வங்காலைச் சதுப்பில் இரவில் வெளிச்சம் அடிக்காதே. மாரியில் வந்து தங்கும் பூநாரைகளின் இடம் அது.

இதெல்லாம் சொன்னாலும் உண்மையான காலம் ஓகஸ்ட் இல்லை. மாரி மழை ஒக்டோபரில் பிடித்து டிசெம்பரோடு ஓயும். பெப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை வாடையும் இல்லை, சோளகமும் இல்லை. அப்போதுதான் தென்கடல் தாழ்ந்த வெள்ளிகளை மறைக்காமல் காட்டும். அடுத்த முறை பள்ளிக்கூட லீவைப் பார்த்து ரிக்கற் போடாதே என்றேன்.

"அப்ப இந்தமுறை நான் தெற்கில ஒண்டும் காணாமப் போறதோ?"

காண்பாய். அல்பா சென்ரோரி, சூரியனுக்கு அடுத்தபடி நமக்குக் கிட்டிய வெள்ளிக் கூட்டம், நாலு ஒளியாண்டுக்குச் சற்று மேல். எட்டு மணிக்கு அது தெற்குக்குச் சற்று மேற்கே ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தில் ஐந்து மடங்கு காற்று. சோளகம் துமியைத் தூக்கினால் தெரியுமோ என்று எனக்கும் நிச்சயமில்லை.

பக்கத்து வாங்கில் சுருட்டோடு இருந்த பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது திரும்பினார்.

"தம்பி, பின்னேரம் தென்கடலுக்குப் போய் என்னத்துக்கு? சோளகம் விடியப்புறத்தில கொஞ்சம் சோரும். நாலரைக்குத் தாழ்வுபாட்டுக்கு வாங்கோ."

நாலரை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த நேரத்துக்கு அகத்தியர் தென்கிழக்கில் எழுந்து ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவாக நிற்பார். வானத்தில் இரண்டாவது பிரகாசமான வெள்ளி, ரொறன்ரோவில் ஒருநாளும் எழாதது. இதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

மருமகன் கையை நீட்டி முட்டியைப் பொத்திக் கடை வாசலின் திசையில் பிடித்துப் பார்த்தான். "அம்மா நாலு மணிக்கு விடமாட்டா. தேத்தண்ணிகூட இல்லாம…"

கடைக்காரர் கிளாசுகளை எடுத்தபடி, தான் மூன்றரைக்கே அடுப்பு மூட்டுவதாகச் சொன்னார்.