காகிதக்கூழ்க் கூடை

காகிதக்கூழ்க் கூடை என்பது பழைய தாள்களையும் வெந்தயத்தையும் அரைத்துச் செய்யும் கூடை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தானியம், பருப்பு வைக்கப் பயன்பட்டது. பெரம்பலூர், அரியலூர் போன்ற வேளாண் மாவட்டங்களிலும் இன்று அந்த இடத்தைப் பிளாஸ்டிக் டப்பாக்கள் பிடித்துவிட்டன.

கிழித்த தாளை இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பிழிந்து, ஊறிய வெந்தயத்துடன் உரலில் அரைப்பர். வெந்தயத்தின் வழவழப்பே பசை. கவிழ்த்த பானையின் மேல் துணி விரித்து விழுதைச் சீராக அப்பி, காய்ந்ததும் கழற்றுவர். முறத்தின் இடுக்குகளையும் இதே விழுதால் மெழுகுவதுண்டு. பளபளப்பான தாள் எளிதில் கூழாகாது. ஈரம் பட்டால் கூடை இளகிவிடும்.

அச்சு மையில் தீங்கான பொருட்கள் இருக்கக்கூடும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியது. எனவே செய்தித்தாள் கூடையில் மாவு, பருப்பு வைப்பதைவிட நூல்கண்டு, வளையல், சாவி போட்டு வைப்பதே நல்லது. தானியத்துக்கு என்றால் அச்சிடாத தாள் வேண்டும்.