பழவேற்காடு ஏரி

பழவேற்காடு ஏரி தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் எல்லையில் அமைந்துள்ள உவர்நீர்க் காயல் ஆகும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திராவிலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் உள்ளன.

புவியியல்

ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதன் வழியே செல்கிறது. ஏரியின் பல இடங்களில் ஆழம் மிகக் குறைவு. ஆகவே பூநாரை போன்ற நீள்கால் பறவைகள் குளிர்காலத்தில் இங்கு இரை தேடுகின்றன.

பழவேற்காடு ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏரிக்குள் வருகிறது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் இதை அகலப்படுத்தும். கோடையில் அலைகள் கொண்டுவரும் மணல் இதை அடைக்கும்.

வரலாறு

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கு குடியேறினர். அவர்களை அடுத்து வந்த டச்சுக்காரர் 1610இல் விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் வணிக உரிமை பெற்று, 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாக இவ்வூர் விளங்கியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பட்டது.

இங்கிருந்து ஏற்றுமதியான துணிகளைக் கொடுத்துத் தென்கிழக்காசியத் தீவுகளில் நறுமணப் பொருட்கள் வாங்கப்பட்டன. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலியைக் குறிக்கும் ‘பெலக்காட்’ என்ற சொல் இவ்வூர்ப் பெயரிலிருந்து வந்தது. துணியோடு அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை அழிந்துவிட்டது, 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பாடு முறை

ஏரியின் தென்பகுதியில் பட்டினவர் மீனவர்கள் ‘பாடு’ என்னும் வழக்கத்தைப் பின்பற்றுகின்றனர். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் ஏற்ற இறக்க நீரோட்டத்தோடு இறால் மிகுதியாக வரும். அவ்விடங்களை ஒருவரே பிடித்துக்கொள்ளாதபடி, எந்தக் குழு எந்த நாளில் எங்கு சுத்துவலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் முடிவுசெய்கின்றனர். இவ்வுரிமை குறிப்பிட்ட குப்பங்களின் உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு.

ஏற்றுமதியால் இறாலின் விலை உயர்ந்தபோது பாடு இல்லாத ஊரார் பங்கு கேட்டனர். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைக்க நிலம் எடுக்கப்பட்டதால் இடம்பெயர்ந்த மீனவர்களில் சிலரும் தென்கரையில் குடியேறினர். பாடு முறை உள்ளூரில் சண்டையைத் தவிர்க்கிறது. ஆனால் உரிமை இல்லாதவருக்கு அது அடைத்த கதவாகவே உள்ளது.

இன்றைய நிலை

முகத்துவாரம் அடைபட்டால் இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வர இயலாது. படகுகளும் கடலுக்குச் செல்ல இயலாது. அதனால் மணலை அகற்றி வழியை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்து வந்துள்ளது. தெற்கேயுள்ள எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களின் விரிவாக்கம் கடற்கரையின் மணல் ஓட்டத்தை மாற்றிவிடும் என்றும் அவர்கள் அஞ்சுகின்றனர். பாடு உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி இரு தரப்பாரின் பிழைப்பும் இவ்வழியையே நம்பியுள்ளது.