ஒலிபெருக்கிப் பெட்டியை நாமே செய்வோம்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி

ஓசை இல்லாத ஊரும் உண்டோ? காலையில் கோவில் மணி, ஆலய மணி, ஆலைச் சங்கு. மாலையில் தேநீர்க் கடைப் பாட்டு. திருவிழா வந்துவிட்டால் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு ஓசைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஓசை வேறு, தெளிவு வேறு. காதில் விழுவதெல்லாம் கருத்தில் விழுவதில்லை.

இன்று நம் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டி சுவரில் மாட்டிய படம்போல் மெலிந்துவிட்டது. அது மெலியவே, அதனுள் இருக்கும் ஒலிபெருக்கியும் சிறுத்துவிட்டது. பல பெட்டிகளில் அது கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ அமைந்திருக்கிறது. படம் பெரிதாயிற்று, பேச்சு மங்கிற்று. இக்குறையைப் போக்கத்தான் மக்கள் 'ஹோம் தியேட்டர்' வாங்குகின்றனர். அதனை ஆயத்தமாக வாங்காமல், பாகங்களின் தொகுப்பை வாங்கி நாமே கூட்டிச் செய்யவும் முடியும். அதனைக் கடைக்காரர்கள் 'கிட்' என்பார்கள். தோழியரே, அது எவ்வாறு என்று காண்போம்.

ஒலிபெருக்கி எவ்வாறு பேசுகிறது?

எந்த ஒலிபெருக்கியைத் திறந்து பார்த்தாலும் மூன்று உறுப்புகளே முதன்மையாக இருக்கும்: ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு கூம்பு. கூம்பின் அடியில் ஒட்டிய சுருள், காந்தத்தின் இடைவெளியில் தொங்குகிறது. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதுவே நாம் கேட்கும் ஒலி. இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தி 1925-ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள். நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

பாகங்களை வாங்கிக் கூட்டும் வழக்கமும் புதிதன்று. அமெரிக்காவின் ஹீத் நிறுவனம் 1947-இல் மின்னலை காட்டும் கருவி ஒன்றைப் பாகங்களாக விற்றது. பின்னர் வானொலி, ஆம்ப்ளிஃபையர் எனப் பலவற்றையும் அவ்வாறே விற்றுப் புகழ் பெற்றது. நம் மாநிலத்தில் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெரு இதற்குப் பேர் போனது. சிற்றூர்களிலும் '4440 போர்டு' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. அவ்வெண்ணுள்ள ஐ.சி. ஒன்றைப் பொருத்திய சிறு ஆம்ப்ளிஃபையரே அது.

பெட்டி எதற்கு?

'ஸ்பீக்கர் இருக்கிறதே, பெட்டி எதற்கு?' என்று கேட்கலாம். கூம்பு முன்னே தள்ளும்போது அதன் பின்புறம் காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று சந்தித்தால் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூச்சியமாவதுபோல் தாழ்ந்த சுரங்கள் அழிந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இவ்வளவு நீண்ட அலை சிறு ஸ்பீக்கரின் விளிம்பை எளிதில் வளைந்து பின்னே சென்றுவிடும். பின்னலையை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை.

பெட்டி இரு வகைப்படும். முழுவதும் மூடியது ஒன்று. முகப்பில் குழாய் வைத்தது மற்றொன்று. சொம்பின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சுரம் எழுமே, அத்தத்துவத்தில்தான் குழாய்ப் பெட்டி தாழ்ந்த ஒலியை வலுப்படுத்துகிறது. பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் ஸ்பீக்கருக்குப் பொருந்த வேண்டும். இக்கணக்கை 1961-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தீல் என்பவர் வகுத்தார்; 1970-களில் ஸ்மால் என்பவர் விரிவாக்கினார். கிட்டுடன் வரும் தாளில் 'இத்தனை லிட்டர் பெட்டி' என்று அச்சிட்டிருப்பது இவர்களுடைய உழைப்பின் பயனே. முதன்முதலாகச் செய்பவர்களுக்கு மூடிய பெட்டியே எளிது.

யாருக்காகச் செய்கிறோம்?

கடைக்குச் செல்லுமுன் இக்கேள்விக்கு விடை காண வேண்டும். நம் பகுதி ஆலைகள் நிறைந்த பகுதி. எங்கள் பெரியம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் எந்திரங்களின் நடுவே நின்று வேலை பார்த்தவர். இன்று பிளவக்கல்லில் எங்களுடன் வசிக்கிறார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும்போது, "சத்தம் கேக்குது தாயி, என்ன சொல்றாங்கன்னுதான் விளங்கல" என்பார். இதே சொற்களை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லக்கூடும்.

இதற்குக் காரணம் உண்டு. பேரொலியில் நெடுங்காலம் உழைத்தோரின் செவியில், 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் முதலில் பழுதடைகின்றன. அவை மீண்டும் முளைப்பதில்லை. பேச்சில் அ, ஆ முதலிய உயிரொலிகள் தாழ்ந்தவை, வலுவானவை. ச, த போன்ற மெய்யொலிகளின் அடையாளமோ பெரும்பாலும் உயர்ந்த பகுதியில் மெல்லியதாய் இருக்கிறது. ஆகவே, 'கடை', 'தடை', 'படை' மூன்றும் அவர்களுக்கு ஒன்றுபோலவே கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் 'அடை' மட்டும் பெரிதாகும், முதலெழுத்து தெளிவதில்லை. 'டம் டம்' என்று அதிரும் சப்ஊஃபரோ அவர்களுக்குத் துணையன்று, தொல்லையே.

எனவே நாங்கள் ஐந்து பெட்டிகளும் ஒரு சப்ஊஃபரும் கொண்ட 5.1 அமைப்பை முதலில் நாடவில்லை. திரையரங்குகளில் 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி டிஜிட்டல் வாயிலாக அறிமுகமான அவ்வமைப்பில், உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டியிலிருந்தே வருகிறது. அந்த நடுப்பெட்டி ஒன்றை மட்டும் முதலில் செய்வது என்று மாமாவும் நானும் முடிவு செய்தோம். மாமா மைக்செட் தொழில் செய்பவர். மற்றப் பெட்டிகளை வசதிபோல் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்யும் முறை

தேவையானவை: 5 அங்குல ஊஃபர் ஒன்று, ட்வீட்டர் ஒன்று, இரண்டும் 8 ஓம், ஒரு கெப்பாசிட்டர், ஒரு காயில், 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், பசை, திருகாணி, கம்பி, டெர்மினல்.

எங்கள் தாளில் 8 லிட்டர் என்று இருந்தது. ஒரு லிட்டர் என்பது 1,000 கன சென்டிமீட்டர். உள்ளளவு 18, 20, 22 சென்டிமீட்டர் என்று கொண்டால் பெருக்குத்தொகை 7,920. ஏறத்தாழ 8 லிட்டர். பலகையின் கனம் இருபுறமும் சேரும் என்பதால் வெளியளவில் ஒவ்வொன்றுக்கும் 3.6 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். பள்ளியில் கற்கும் கன அளவுக் கணக்கு இங்கே பயன்படுவதைக் கண்டு மகிழ்ந்தேன்.

பலகையைத் தச்சரிடம் கொடுத்து நேராக அறுத்து வாங்குவதே நல்லது. பசை தடவித் திருகாணியால் இறுக்கி, இடுக்குகளைப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைக்க வேண்டும். சிறு ஓட்டை இருந்தாலும் 'உஸ்' என்று காற்று கசியும். பெட்டிக்குள் எதிரொலி குறைய, பஞ்சைத் தளர்வாக நிரப்ப வேண்டும். நமக்குப் பஞ்சுக்கா குறை? இராஜபாளையத்தில் நூற்பாலைகள், அருகே சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகள். முகப்பில் ஒட்டும் மெல்லிய துணிக்கும் அலைய வேண்டியதில்லை.

அடுத்தது கிராஸ்ஓவர். தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் வாயிற்காப்போன் இது. 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக இணைத்தால், சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் படிப்படியாகக் குறையும். ஊஃபருக்கு 0.3 மில்லி ஹென்றி காயிலைத் தொடராக இணைத்தால், அதே இடத்துக்கு மேலுள்ளவை குறையும். கெப்பாசிட்டர் இல்லாமல் ட்வீட்டரை இணைத்தால் அது விரைவில் கருகிவிடும்.

இணைக்குமுன் ஊஃபரின் இரு முனைகளையும் 1.5 வோல்ட் டார்ச் செல்லில் ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். கூம்பு முன்னே வந்தால், செல்லின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனை. இரண்டு பெட்டிகள் செய்வோர் இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபையருக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் உயிரைக் குடிக்க வல்லது. அந்த வேலையைத் தொழில் தெரிந்த பெரியவரே செய்ய வேண்டும். பற்றவைக்கும் கோலை நான் பிடித்தபோது, 'பெண்பிள்ளைக்கு இது எதற்கு?' என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். தையல் ஊசி பிடிக்கும் கைக்குப் பற்றுக்கோல் ஒன்றும் பாரமன்று என்பதே என் விடை.

வாட்டும் இடமும்

கடையில் 'ஆயிரம் வாட்' என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட், தேவை. ஆனால் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாலே 6 டெசிபல் கூடிவிடும். அறைக்குள் இது சற்றுக் குறையும்; என்றாலும் நாற்காலியை நகர்த்துவதற்குக் காசு கேட்பார் இல்லை!

ஆகவே பெட்டியைத் தொலைக்காட்சியின் அடியில், ட்வீட்டர் பெரியம்மாவின் செவியை நோக்குமாறு சற்றுச் சாய்த்து வைத்தோம். பாஸைக் குறைத்து, ட்ரெபிளைச் சற்றுக் கூட்டினோம். அன்று இரவு வானிலைச் செய்தியில் வத்திராயிருப்பில் மழை என்று வாசித்தார்கள். "அணைக்குத் தண்ணி வரும்" என்றார் பெரியம்மா. அவரிடம் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. முன்பைவிடக் குறைந்த ஒலியிலேயே அது நடந்தது.

இதனால் செவி குணமாகிவிட்டது என்று எண்ணலாகாது. மருத்துவரிடம் செவிச் சோதனை செய்து, தேவையானால் செவிக்கருவி பொருத்துவதே உரிய வழி. நல்ல ஒலிபெருக்கி அதற்கு ஒரு துணை மட்டுமே.

அளவோடு கேட்போம்

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு அணைகளின் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அங்கு வாழும் உயிர்கள் செவியை நம்பியே இரை தேடுகின்றன, பகையறிகின்றன. நம் இல்லத்துப் பாட்டு நம் இல்லத்தோடு நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

நம் செவிகளையும் மறக்கலாகாது. சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற பாதுகாப்பான எல்லை. ஆலை இரைச்சலில் நின்றவர்கள் குடும்பத்திற்காகத் தம் செவியை இழந்தார்கள். இயர்ஃபோனில் நாம் எதற்காக இழப்பது?

தோழியரே, வரும் விடுமுறையில் ஒரு சிறு பெட்டியைச் செய்து பாருங்கள். அதில் முதலில் யாருடைய செவிக்குப் பேச்சு எட்ட வேண்டும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அளவுகளை அதன் பிறகு எடுக்கலாம்.