ராஸ்பெர்ரி பை மதியத்தில் மட்டும் ஸ்லோ ஆகிறதா? போர்டை மாற்றும் முன் சூட்டைப் பாருங்கள்!

ஏடிஎம் கார்டு அளவில் ஒரு முழு கம்ப்யூட்டர். பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த 'ராஸ்பெர்ரி பை', இன்று மாணவர்களின் ஃபைனல் இயர் புராஜெக்ட் முதல் வீட்டு கேமரா பதிவு வரை பல வேலைகளைச் செய்கிறது.

ஆனால், காலையில் வேகமாக ஓடும் இந்தக் குட்டி போர்டு, கோடை மதியத்தில் திணறும். வீடியோ விட்டு விட்டு ஓடும். 'போர்டு போச்சு' என்று முடிவுகட்டி, சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிது வாங்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். போர்டு பழுதாகாமல், சூட்டிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டும் இருக்கலாம்!

80 டிகிரி எல்லைக்கோடு

பிராசஸர் சிப்பின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால், ராஸ்பெர்ரி பை தன் வேகத்தைத் தானே குறைக்கும். 85 டிகிரியைத் தொட்டால் இன்னும் குறைக்கும். இதற்கு 'த்ராட்லிங்' என்று பெயர். சிப் கருகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

புது மாடல்களில் வேகம் கூடியதைப்போல சூடும் கூடியிருக்கிறது. உச்சகட்ட வேலையில் 'பை 4' சுமார் 8 வாட் மின்சாரம் எடுக்கும் என்றால், 2023-ல் வந்த 'பை 5' சுமார் 12 வாட் எடுக்கும். அந்த மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும்.

நம்ம ஊர் கணக்கு வேறு!

ஹீட்சிங்க், ஃபேன் இரண்டுமே சூட்டை அறைக் காற்றுக்குத் தள்ளிவிடும் வேலையைத்தான் செய்கின்றன. அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க அவற்றால் முடியாது.

உதாரணமாக, 25 டிகிரி அறையில் சிப் 65 டிகிரியில் இருக்கிறது என்றால், 40 டிகிரி உள்ள அறையில் அதே வேலைக்குத் தோராயமாக 80 டிகிரியைத் தொடும். குளிர்நாட்டு யூடியூபர் 'ஃபேனே தேவையில்லை' என்று சொல்வதைக் கத்திரி வெயிலில் நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

என்ன செய்யலாம்?

* இடத்தை மாற்றுங்கள்: செட்-டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர் மேல் வைக்காதீர்கள். ஜன்னல் வெயிலும் ஆகாது. மூடிய கேஸ் என்றால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். போர்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தாலும் காற்றோட்டம் கூடும்.

* ஹீட்சிங்க் ஒட்டுங்கள்: தெர்மல் பேடின் பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டு ஒட்ட வேண்டும். ஜிபிஐஓ பின்களில் உலோகம் உரசக் கூடாது.

* ஃபேன் மாட்டுங்கள்: 'பை 5'-க்கான அதிகாரபூர்வ ஆக்டிவ் கூலர், சூட்டைப் பொறுத்து வேகத்தைக் கூட்டும், 75 டிகிரியில் முழு வேகத்தில் சுற்றும். 'பை 4'-ல் சாதாரண 5 வோல்ட் ஃபேன் என்றால், சிவப்பு ஒயர் 4-வது பின்னிலும், கறுப்பு ஒயர் 6-வது பின்னிலும் வர வேண்டும். பவரை ஆஃப் செய்துவிட்டு மாட்டுங்கள்.

* தூசியைத் துடையுங்கள்: ஃபேன் இறக்கையிலும் ஹீட்சிங்க் இடுக்கிலும் தூசி அடைந்தால் காற்று போகாது. மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

* ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம்: குளிரவைத்து வெளியே எடுத்தால் போர்டில் நீர் கோத்து, ஷார்ட் ஆகிவிடும்.

சார்ஜரையும் கவனியுங்கள்

பழைய மொபைல் சார்ஜரில் இணைத்து மின்சாரம் போதாமல் போனாலும் வேகம் குறையும். எனவே, சூடு 80 டிகிரிக்கு வெகு கீழே இருந்தும் போர்டு திணறினால், அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரைத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? டாஸ்க்பாரில் சிபியு டெம்பரேச்சர் காட்டும் வசதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் 2 மணிக்கு, வழக்கமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு எண்ணைப் பாருங்கள். 70-க்குள் நின்றால் கவலையில்லை. 80-ஐ நெருங்கினால், புது போர்டு வாங்க எடுத்து வைத்த பணத்தில் ஒரு சிறு பங்கை ஃபேனுக்குச் செலவிட்டால் போதும்.